வலி நின்றுபோன கால்

அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், இத்தனை வருட வேலையில் என்னை அதிகம் ஆட்டிவைத்த நோயாளி யார் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். பட்டாசு ஊர்களுக்கு நடுவே ஓர் அரசு மருத்துவமனையில் காலம் முழுக்கக் கத்தி பிடித்தவள் வெடிவிபத்துக் கதை சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பெண்ணின் காலைப் பற்றி. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத கால். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும், அந்த நாளை நினைத்தால் என்னால் நாற்காலியில் இருக்க முடிவதில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பரபரப்பும் ஆகப்பெரிய சந்தோஷமும் அதுதான்.

அவள் பெயர் பாண்டீஸ்வரி. வெம்பக்கோட்டைப் பக்கம். ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குக் காகிதம் சுற்றும் வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, உழைத்து இறுகிய உடம்பு. அணைக்கரைப் பக்கம் விறகு பொறுக்கும்போது கெண்டைக்காலில் சீமைக்கருவேல முள் ஏறியிருக்கிறது. அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கிறாள். மறுநாள் காய்ச்சல். உள்ளூரில் ஓர் ஊசி. அதற்கு மறுநாள் காலையில் புருஷன் முத்துக்கருப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டான். அவனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. பெரிய கைகள், சின்னக் குரல்.

வெளிநோயாளிப் பிரிவில் இருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, லேசாகச் சிவந்திருந்தது. முள் குத்திய இடம் மூடிப்போய், தேடினால்தான் தெரிகிற அளவுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஆனால் நான் விரல் வைக்கக் குனிந்ததுமே அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பே இல்லாத இடத்தில், தோல் சாதாரணமாக இருந்த இடத்தில், தொட்டதும் உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. சத்தம் போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

முத்துக்கருப்பன் சொன்னான்: “ரெண்டு பிள்ளை பெத்தப்பக்கூட இவ வாயத் திறக்கல டாக்டரம்மா. நேத்து ராவெல்லாம் கால வெட்டிப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா.”

இந்த இடத்தில் எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் நான் மேற்படிப்பு படித்தபோது எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை ஒரு விவசாயியின் கையை நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் கம்மிதான், சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். தலைவர் பின்னாலிருந்து கேட்டார்: “நீங்க பார்க்கிறதுக்கும் அவர் துடிக்கிறதுக்கும் ஒத்துவரலையே. ரெண்டுல எதை நம்பப்போறீங்க?” அவரே சொன்னார்: “ஒத்துவரலைன்னா உங்க கண்ணைச் சந்தேகப்படுங்க.” அந்த விவசாயியை அவர் அன்று மதியமே அறுவை மேசையில் ஏற்றினார். விவசாயி பிழைத்தார்.

நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ் என்று நாம் சொல்லும் இந்த நோயைப் பத்திரிகைகள் சதை தின்னும் கிருமி என்று எழுதும். கிருமி எதையும் தின்பதில்லை. கோழியின் தோலை உரித்தால் தோலுக்கும் கறிக்கும் நடுவே பளபளவென்று ஒரு மெல்லிய உறை வருமே, அதே மாதிரி ஓர் உறை நமக்கும் தசையைச் சுற்றி இருக்கிறது. அதன் வழியாகத்தான் இது ஓடுகிறது. மேலே தோல் நன்றாகவே இருக்கும். அடியில் நஞ்சு பரவி ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டே போகும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் எவ்வளவு உயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாலும், செத்துப்போன திசுவைத் திறந்து எடுக்காமல் இதை நிறுத்த முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். ஆனால் ஒரு குறையும் இல்லாத உடம்பிலும் முள் நுனி அளவு வாசல் கிடைத்தால் நுழைந்துவிடும். அபூர்வமாக வருவது. அபூர்வமாக வருவதால்தான் நினைவுக்கு வராமல் போகிறது.

பாண்டீஸ்வரிக்கு நாடி படுவேகமாக ஓடியது. அவள் காய்ச்சலுக்கு அவ்வளவு ஓட வேண்டியதில்லை. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டேன். இரண்டு கையிலும் ஊசிக்குழாய் போட்டுச் சலைன் ஏற்றினோம், ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம், ரத்தம் எடுத்து அனுப்பினோம். தியேட்டரில் அப்போது ஒரு சிசேரியன் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் இந்தக் காலைத் திறந்து பார்க்கிறோம் என்று சொல்லிவைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் அதிரும். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அமைதியிலேயே ஒருவர் ஸ்ட்ரெச்சர்களை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்துவிடுவார். அன்றும் அப்படித்தான். ஒரு பட்டாசு யூனிட்டில் வெடிமருந்து உராய்ந்து இரண்டு அறைகள் வெடித்துச் சிதறியிருந்தன. வேனிலும் ஆம்புலன்ஸிலும் வந்துகொண்டே இருந்தார்கள். வராந்தாவில் இடம் வேண்டும் என்று அங்கிருந்த நோயாளிகளையெல்லாம் கடைசிக் கோடிக்குத் தள்ளினோம். பாண்டீஸ்வரியின் கட்டிலும் அதோடு போனது.

மூச்சுக்குழாய் வெந்தவர்களுக்குக் குழாய் போட்டு மதுரைக்கு அனுப்பினோம். மற்றவர்களுக்குத் தண்ணீர், வலி மருந்து, கட்டு. ஒரு பையனுக்கு, இருபது வயது இருக்கும், வலது கையில் விரல்கள் சிதைந்திருந்தன. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டுவிட்டேன். அவன் கையைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்தத் தியேட்டர் வேண்டும். வாசலில் கூட்டம். கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதிகாரிகள் வந்துகொண்டிருப்பதாகத் தொலைபேசி மேல் தொலைபேசி. சிசேரியன் முடிந்தது, அடுத்து அந்தப் பையனின் கை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்போது வேறு ஞாபகம் இல்லை என்று சொல்லமாட்டேன்; பாண்டீஸ்வரி மனதின் ஓரத்தில் குத்திக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் என் கைகள் வேறு ஆட்களின் காயங்களில் இருந்தன.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முத்துக்கருப்பன் வந்தான். முகத்தில் சிரிப்பு. அத்தனை கருகிய உடம்புகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்:

“வலி விட்டுருச்சாம் டாக்டரம்மா. சுத்தமா இல்லங்கிறா. இம்புட்டுப் பேரு வந்துருக்காக, நாங்க வேணும்னா கட்டில விட்டுட்டு வீட்டுக்குப் போறோமே.”

கையிலிருந்த கட்டுத்துணியைப் பக்கத்திலிருந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். வராந்தாவில் ஓடிய டாக்டரை அன்று எல்லோரும் பார்த்தார்கள். தீக்காயக்காரர்கள் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஓடினேன்.

மருந்து கொடுத்து வலி குறைவது வேறு. காலை வெட்டிப் போடுங்கள் என்று கெஞ்ச வைத்த வலி, கொஞ்ச நேரத்தில் தானாகச் சுத்தமாக நின்றுபோவது வேறு. தோலுக்கு வரும் நரம்புகள் செத்துவிட்டன என்று அர்த்தம். கால் தன்னைப் பற்றிச் சொல்லுவதை நிறுத்திவிட்டது.

போர்வையை விலக்கினேன். சிவப்பு என் பேனாக் கோட்டைத் தாண்டி முழங்காலுக்குப் போயிருந்தது. கெண்டைக்காலின் நடுவே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு, அதன் மேல் ஒரு கொப்புளம். அந்தத் திட்டில் ஊசி நுனியால் தொட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். தொட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. கைகால் சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது.

நிலைய மருத்துவ அலுவலர் என் பின்னாலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் தலையில் ஆஸ்பத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தது. தியேட்டரை இந்த அம்மாவுக்குக் கொடுத்தால் வெளியே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு ஸ்கேனாவது எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மதுரைக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பாதுகாப்பான வழி அதுதான். அனுப்பிவிட்டால் என் கையை விட்டுப் போய்விடும். ஆனால் சாலையில் ஒரு மணி நேரம், அங்கே போய் மறுபடி முதலிலிருந்து ஒரு டாக்டர் பார்த்து, மறுபடி ஒரு தியேட்டருக்குக் காத்திருந்து... அதற்குள் அது இடுப்புக்குப் போயிருக்கும்.

திரை போடச் சொன்னேன். மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டு, கெண்டைக்காலில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறினேன். ரத்தம் வரவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் நீர் வந்தது. விரலை உள்ளே விட்டேன். தோலும் தசையும் ஒட்டிப்பிடித்து விரலைத் தடுக்க வேண்டும். தடுக்கவில்லை. வெண்ணெய்க்குள் போவதுபோல என் விரல் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. அலுவலர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, தியேட்டர் இப்போதைக்குக் கிடைக்காது என்றும், அதிகாரிகள் வந்தால் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

பயம் அந்த நொடியில் விட்டுப்போனது. என்ன நோய் என்று தெரிந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. அந்தத் தெளிவில் ஒரு வேகம் இருக்கிறது. அதற்காகவே நம்மில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறோம்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு தியேட்டர் வாசலுக்கு வந்தால் குருசாமி நின்றுகொண்டிருந்தான். விரல் சிதைந்த பையனின் அண்ணன். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம், கரிமருந்து. அவன் கட்டிலையும் பார்த்தான், போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தையும் பார்த்தான். பாதம் நன்றாகத்தான் இருந்தது.

“என் தம்பி வெந்து கெடக்கான். நீங்க கால்வலிக்காரிய உள்ள கொண்டு போறீக.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பின்னால் கூட்டம் நெருங்கி வந்தது. போலீஸைக் கூப்பிடவா என்று ஒருவர் என் காதில் கேட்டார். வேண்டாம் என்றேன். போர்வையை விலக்கி அந்தத் திட்டைக் காட்டினேன். “உன் தம்பி கையில ரத்தம் நின்னுருச்சு. அவன் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாலும் அந்தக் கை இப்ப இருக்கிற மாதிரியேதான் இருக்கும். இது காத்திருக்காது. இவங்களை நான் இப்ப உள்ளே எடுக்கலைன்னா ராத்திரிக்கு இருக்க மாட்டாங்க. முடிச்சதும் உன் தம்பிதான். நானேதான் பண்ணுவேன்.”

அவன் அந்தக் காலை வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. உண்மையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். கதவை விட்டு விலகி, எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் உட்கார்ந்ததும் கூட்டமும் நின்றுவிட்டது.

உள்ளே மயக்க மருத்துவர் தயங்கினார். அழுத்தம் இவ்வளவு கீழே இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே போய்விடலாம், கொஞ்சம் ஏற்றிவிட்டு ஆரம்பிக்கலாமே என்றார். ஏறவிடாமல் இழுத்துப் பிடிப்பதே உள்ளே இருப்பதுதான், அதை எடுத்தால்தான் ஏறும் என்றேன். அவர் என்னைவிட இளையவர், ஆனால் நிதானத்தில் என்னைவிட மூத்தவர். மருந்து நிரப்பிய ஊசிகளை ஒருமுறை பார்த்தார். “சரி மேடம், ரெண்டையும் ஒண்ணாவே பார்ப்போம். நீங்க கீழே பாருங்க, மேலே நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை திறந்தேன். வெள்ளையாக மினுங்க வேண்டிய உறை, ஊறிப்போன காகிதம் மாதிரி கையோடு வந்தது. செத்ததை எடுப்பதில் கருணை காட்டக் கூடாது. அழகாகத் தைக்க முடியுமா, தழும்பு எப்படி இருக்கும் என்றெல்லாம் அப்போது நினைக்கக் கூடாது. வெட்டினால் ரத்தம் வரும் இடம் வரைக்கும் போக வேண்டும். தொடையின் பாதியில் சிவப்பாக, சுத்தமாக ரத்தம் கசிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரத்தத்தை நிறுத்தத்தான் பழகியிருக்கிறோம். அன்று அந்த ரத்தத்தைப் பார்த்து எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டு ஈரத்துணி வைத்துக் கட்டினோம். தலைமாட்டிலிருந்து மயக்க மருத்துவர் சொன்னார்: “ஏறுது மேடம்.”

அடுத்து குருசாமியின் தம்பி. இரண்டு விரல் போய்விட்டது, பெருவிரலையும் மற்ற இரண்டையும் காப்பாற்றினோம். பெருவிரல் இருந்தால் கை இருக்கிறது.

இந்த நோயில் முதல் அறுவையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கக் கூடாது. மறுநாள் மறுபடி மேசையில் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். மறுநாள் கட்டைப் பிரித்தபோது தொடைப் பக்கம் ஒரு ஓரத்தில் மறுபடி சாம்பல் நிறம். தசையிலும் ஓரிடம் மங்கியிருந்தது. மதுரையில் ஒரு நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன். காலை எடுத்துவிடு, உயிருக்கு உத்தரவாதம் என்றார். அவர் சொல்வது நியாயமான முடிவு. வேறொரு நோயாளிக்கு நானே அப்படி எடுத்திருக்கிறேன், அவர் பிழைத்து இன்றும் விருதுநகரில் கடை வைத்திருக்கிறார். வெளியே வந்து முத்துக்கருப்பனிடம் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, “கால் இல்லாட்டி நான் தூக்கிக்கிட்டுப் போறேன் டாக்டரம்மா. ஆளு மட்டும் வேணும்” என்றான். ஒப்புதல் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கத்தியை எடுக்கும் முன், மங்கிய அந்தத் தசையை மின்சார முனையால் ஒருமுறை தொட்டேன். துடித்தது. வேறிடத்தில் தொட்டேன், அங்கும் துடித்தது. விளிம்பில் ஒரு கீற்றுதான் செத்திருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. பாதம் சூடாக இருந்தது. மயக்க மருத்துவர் தலையசைத்தார், அழுத்தம் நிலையாக இருக்கிறது என்று. அந்தக் கீற்றை மட்டும் எடுத்தேன். நாளை மறுபடி பார்ப்போம், நாளை மோசமாக இருந்தால் நாளைக்கு எடுப்போம் என்று முடிவு செய்தேன். இரவெல்லாம் வார்டிலேயே இருந்த உதவி மருத்துவர்களிடம், சிவப்பு ஒரு விரல்கடை நகர்ந்தாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். கூப்பிடவில்லை. அடுத்த முறை பிரித்தபோது கால் முழுக்க இறைச்சிக்கடைச் சிவப்பு. தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். தியேட்டரில் பேசக்கூடாது என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு வாரக்கணக்கில் கட்டு, இன்னொரு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுதல், கம்பைப் பிடித்து நடக்கப் பழகுதல். அந்த வழக்கமான வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். குருசாமி தம்பிக்குக் கட்டு மாற்ற வரும்போதெல்லாம் அவள் கட்டிலையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். பேசமாட்டான்.

ஒட்டின தோல் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உன் புருஷன் வலி நின்றுவிட்டது என்று வந்து சொன்னானே, அதுதான் உன்னைக் காப்பாற்றியது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

“கால் வலி நின்னுச்சு, நெசந்தான்” என்றாள் பாண்டீஸ்வரி. “ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு டாக்டரம்மா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. செத்துருவேன்னு தெரிஞ்சுருச்சு. தீயில வெந்தவுகள எங் கண்ணு முன்னாடி தூக்கிக்கிட்டுப் போனாக. எல்லாம் எங்கள மாதிரி வேல பாக்குற சனம். அதுல நான் ஒருத்தி மயக்கமா வருதுன்னு எப்படிச் சொல்ல? நல்லாயிருக்கேன்னு சொல்லுங்கன்னு அவரு கிட்டச் சொல்லிவிட்டேன்.”

வலி நின்றதை ஒரு நல்ல சேதியாக அனுப்பி, கட்டிலைக் காலி செய்துகொடுக்கத்தான் அவள் புருஷனை அனுப்பியிருக்கிறாள். அந்தச் சேதிக்குள் நோய் தன்னைக் காட்டிக்கொடுத்தது தற்செயல். அவன் வேறு வார்த்தையில், அவள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே வேலை பார்க்கப்போகிறீர்கள், ஜன்னல் அதிரும் நாள் உங்களுக்கும் வரும். ஓடுங்கள், ஓடத்தான் வேண்டும். வெந்தவர்களை வாங்கிப் போடுங்கள். அது முடியும் முன்பே உங்களில் ஒருவர் மட்டும் திரும்பி, காலையிலிருந்து வராந்தாக் கோடியில் படுத்திருப்பவர்களிடம் போங்கள். போர்வையை விலக்கிப் பாருங்கள், நாடியைப் பிடியுங்கள், தொட்டுப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள்.